பிள்ளை பார்க்கும் பெண்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து கடைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக் கொண்டிருந்தேன். தங்கையின் மகன் கையில் ஒரு கோவையோடு வந்தான். கட்டாரில் ஆறு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவன். ஏதாவது தொழில் தொடங்க வேண்டும் என்று சில மாதங்களாகவே சொல்லிக் கொண்டிருந்தான்.

"மாமா, டே கெயார் ஒன்று போடப் போறன். வீடும் பார்த்தாச்சி. கணக்க ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

பார்த்தேன். மொத்த முதலீடு 18 இலட்சம் ரூபா. வீட்டுக்கு முற்பணம், சுவருக்குப் பெயின்ட், யானையும் முயலும் வரைய ஓவியருக்குக் கூலி, இரண்டு ஏசி, எட்டு சீசீடிவி கமரா, தொட்டில்கள், விளையாட்டுச் சாமான், முன்பக்கப் பெயர்ப்பலகை என்று இரண்டு பக்கத்துக்கு நீண்ட பட்டியல். எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் எடுத்து வைத்திருந்தான். கெட்டிக்காரன்தான். கடைசிப் பக்கத்தில் "ஸ்டாப் 2, தலா 30,000" என்று ஒரே ஒரு வரி.

"இவர்களுக்கு யார் பழக்குவது?" என்று கேட்டேன்.

"பொம்பளைகளுக்குப் பிள்ள பார்க்கத் தெரியாதா மாமா?" என்று சிரித்தான்.

அவனோடு நான் சேர்ந்து சிரிக்கவில்லை. காரணத்தை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியில் இதுவரை வங்கிக் கடன், வாடகை ஒப்பந்தம், கையிருப்பு முகாமை என்றே எழுதி வந்தவன் இந்த வாரம் தொட்டில் பக்கம் வந்ததற்கும் அதுவே காரணம்.

2018 இல் என் மகள் தன் பிள்ளையை ஒரு பகல்நேர பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க் கொண்டிருந்தாள். எந்த ஊர், எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. அழகான இடம். பேத்திக்கு அப்போது 11 மாதம். ரம்புட்டான் காலம். அங்கே இருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன் அன்பு மிகுதியில் தோலுரித்த ரம்புட்டான் ஒன்றைப் பேத்தியின் வாயில் வைத்துவிட்டான். பிள்ளைக்குச் சத்தம் வரவில்லை. இருமவும் இல்லை. முகம் நீலம் பாரித்தது. அங்கே நின்ற பெண்ணுக்கு 19 வயது. வேலைக்கு வந்து பத்து நாள். பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். பழம் இன்னும் உள்ளே போனது. அந்த நேரம் தன் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தது எங்கள் நல்ல காலம். பிள்ளையைப் பறித்து, முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து முதுகில் தட்டினார். நாலாவது தட்டில் பழம் வெளியே விழுந்தது.

பேத்தி இப்போது பாடசாலைக்குப் போகிறாள். அந்த 19 வயதுப் பெண் மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். இரண்டு வருடம் கழித்து எங்கள் கடைக்குத் துணி வாங்க வந்தவள் என்னை அடையாளம் கண்டு, "அங்கிள், இப்பவும் யாருடைய பிள்ளையையும் தூக்கப் பயம்" என்றாள். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. காசாளர் வேலைக்கு வரும் பையனைக்கூட நாங்கள் இரண்டு கிழமை பக்கத்தில் வைத்துப் பழக்கிவிட்டுத்தான் கல்லாவில் உட்கார வைக்கிறோம். அவளிடம் எட்டுக் கைக்குழந்தைகளை ஒரு மணித்தியால விளக்கத்தோடு ஒப்படைத்திருந்தார்கள்.

மருமகனை மறுநாள் கையோடு ஒரு டீச்சரிடம் கூட்டிப்போனேன். நீண்ட காலம் முன்பள்ளி ஆசிரியைகளைப் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவர். அவர் முதலில் கேட்டது, "எத்தனை மாதப் பிள்ளைகளை எடுக்கப் போகிறீர்கள்?" என்பதைத்தான். மருமகன் "நாலு மாதத்திலிருந்து" என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. நம் நாட்டில் கடை, காரியாலயங்களில் வேலை செய்யும் தாய்க்கு வாராந்த விடுமுறை, போயா, பொது விடுமுறைகள் நீங்கலாக 84 நாள் பிரசவ விடுமுறை. 2018 இன் சட்டத் திருத்தத்துக்குப் பின் எத்தனையாவது பிள்ளையானாலும் அதுவே. 14 நாள் பிரசவத்துக்கு முன், 70 நாள் பின் என்று எடுத்தால், தாய் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு மூன்று மாதம் கடந்திருக்கும், அவ்வளவுதான். உம்மம்மா வீட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. உம்மம்மாவே இன்று ஆசிரியையாக, எழுதுவினைஞராக வேலை பார்க்கும் காலம். ஆகவே சந்தை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

"மூன்று வயதுப் பிள்ளை பசிக்குது என்று சொல்லும். நாலு மாதப் பிள்ளை சொல்லாது. சொல்லாததை வாசிக்கத்தான் படிப்பு வேண்டும்" என்றார் டீச்சர்.

நாலு பிள்ளை வளர்த்த தாய்க்கு இதெல்லாம் தெரியாதா என்று மருமகன் விடாமல் கேட்டான். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். மகளுக்கு வீட்டில் சட்டை தைக்கிற தாய் நன்றாகவே தைப்பாள். அவளை நாளைக்குக் கார்மென்ட் லைனில் ஜூக்கி மெஷினுக்கு முன் உட்கார வைத்தால் திணறுவாள். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாகத் தன் பிள்ளையை வளர்ப்பது வேறு. வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரை ஒரே அறையில், ஒரே நேரத்தில் பார்ப்பது வேறு. ஒருத்திக்குப் பால் கொடுக்கும்போது மற்றவன் அழுவான், மூன்றாவது பிள்ளை படியை நோக்கித் தவழும்.

என்ன படிக்க வேண்டும்?

முதலாவது உயிர் காக்கும் விஷயம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையில் ஏதாவது அடைத்து, இருமவோ அழவோ முடியாமல் போனால் குப்புறப் பிடித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் ஐந்து தடவை அழுத்துவது. திரும்பவும் அதே வரிசை. பெரியவர்களுக்குச் செய்வதுபோல் இவ்வளவு சின்னப் பிள்ளையின் வயிற்றை அமுக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவக் கூடாது. இன்னொருவர் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும். வாசிக்கும்போது இலகுவாகத்தான் இருக்கிறது. பிள்ளை நீலம் பாரிக்கும்போது நினைவுக்கு வர வேண்டுமானால் கை பழகியிருக்க வேண்டும். பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் நம் நாட்டில் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. போகும்போது கைக்குழந்தைகளுக்கான பகுதி வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் சிறுவர் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவராவது நிலையத்தில் இருப்பது கட்டாயம். அந்தச் சான்றிதழையும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை படித்ததைக் கை மறந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

தூங்கப் போடுவதும் அப்படித்தான். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மெத்தை இறுக்கமாக, தலையணையோ பஞ்சுப் பொம்மையோ இல்லாமல் இருக்க வேண்டும். மருமகனின் பட்டியலில் தொட்டிலுக்கு ஆறு தலையணை வீதம் இருந்தது. பார்ப்பதற்கு அழகு என்றான். டீச்சர் பேனையை எடுத்துத் தானே கீறிவிட்டார்.

தாய்ப்பாலும் ஒரு பாடம். பல தாய்மார் பாலைக் கறந்து போத்தலில் கொடுத்தனுப்புகிறார்கள். சாதாரண அறை வெப்பத்தில் அதை நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைப்பதில்லை. நம் ஊர் உச்சி வெயிலில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் போத்தலை இளஞ்சூட்டு நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும். அடுப்பில் வைக்கக் கூடாது. ஒரு பிள்ளையின் பால் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடாமல் பெயரும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். நம் சமூகத்தில் பால்குடி உறவு சிறிய விஷயம் அல்லவே. இந்த ஒரு காரணத்துக்காகவாவது போத்தலில் பெயர் எழுதப் பழக்குங்கள் என்று டீச்சர் சொன்னபோது மருமகன் முதல் தடவையாகக் குறிப்பெடுத்தான்.

இவையெல்லாம் பாதுகாப்பு. உண்மையான தொழில் இதற்குப் பின்தான் தொடங்குகிறது என்றார் அவர். கைக்குழந்தைகளுக்கு நேர அட்டவணை போட்டுப் பாடம் நடத்துவது கிடையாது. பால் கொடுப்பது, பாம்பர்ஸ் மாற்றுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது ஆகிய நாலும்தான் பாடம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பாம்பர்ஸ் மாற்றுகிறோம். மூட்டை கட்டுவதுபோல் மாற்றி வைக்கலாம். அல்லது, "காலைத் தூக்கப் போறன், குளிரும்" என்று முகம் பார்த்துச் சொல்லி, பிள்ளை ஒரு சத்தம் எழுப்பினால் அதற்குப் பதில் கொடுத்து மாற்றலாம். பேச்சு வளர்வது இந்தக் கொடுக்கல் வாங்கலில். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2018 இல் வெளியிட்ட சிறுபராயப் பராமரிப்புச் சட்டகம் ஐந்து தேவைகளைச் சொல்கிறது: சுகாதாரம், போசாக்கு, பாதுகாப்பு, ஆரம்பக் கற்றல், பிள்ளையின் சைகையை அறிந்து பதிலளிக்கும் பராமரிப்பு. முதல் மூன்றும் நமக்குத் தெரியும். கடைசி ஒன்றைத்தான் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இதற்கு அவர் சொன்ன பழைய உதாரணம் ஒன்று என் மனதில் நின்றுவிட்டது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எம்மி பிக்லர் என்ற பிள்ளை வைத்தியர் 1946 இல், யுத்தம் முடிந்த கையோடு, பெற்றோர் இல்லாத கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே வேலைக்கு எடுத்த பெண்களுக்கு அவர் பழக்கியது பெரும்பாலும் கையைத்தான். பிள்ளையை எப்படித் தூக்குவது, தூக்கப்போவதை முன்கூட்டியே எப்படிச் சொல்வது, அவசரப்படாமல் எப்படிச் சட்டை மாற்றுவது என்று. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுதி வைக்கவும் பழக்கினார். ஏசியும் கமராவும் இல்லாத காலம். இல்லங்களில் வளரும் பிள்ளைகள் மந்தமாகிப் போவார்கள் என்று உலகம் நம்பியிருந்தபோது, அந்த இல்லத்துப் பிள்ளைகளைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எண்பதுகளில் வாப்பாவோடு துணி மூட்டை கொண்டு தோட்டங்களுக்குப் போன காலத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்திருக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடியற்காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். நான் பார்த்தவற்றில் இருட்டு அறை ஒன்று, சேலையில் கட்டிய தொட்டில்கள், வயதான ஓர் ஆயா. அந்த அம்மாவுக்கு அன்பு குறைவில்லை. ஆனால் இருபது பிள்ளைக்கு ஒரு ஆள் என்ன செய்ய முடியும்? கொழுந்து மலைக்குப் போக முடியாத வயதானவருக்குக் கொடுக்கும் இலேசான வேலையாகவே நிர்வாகம் அதைக் கருதியது.

1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியதை ஒட்டி ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். பிள்ளைக்காம்பராக்கள் படிப்படியாகச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆயின. ஆயாவின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். எல்லாத் தோட்டத்திலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயர் மாறியதோடு சேர்த்து அது ஒரு தொழில், அதற்குப் படிப்பு வேண்டும் என்ற எண்ணமும் வந்தது. இந்த விஷயத்தில் நம் டவுன்காரர்களை விடத் தோட்டப்புறம் முந்திக்கொண்டது.

டவுனில் பயிற்சிக்கு எங்கே போவது? இங்கேதான் ஒரு சிக்கல். முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கற்கைநெறிகள் பல இருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகமும் நடத்துகிறது. என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற் தகைமையும் உண்டு. ஆனால் முன்பள்ளி என்றால் மூன்று வயதுக்கு மேல். மறுபக்கம் "கெயார்கிவர்" கற்கைநெறி என்று ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் ஆள் அனுப்பும் வேகத்தில் தொடங்கிய இவற்றில் பல, முதியோரைப் பராமரிப்பதற்கானவை. ஆகப் படிப்பு மூன்று வயதில் ஒருமுறை, அறுபது வயதில் ஒருமுறை என்று நிற்கிறது. நடுவில் நாலு மாதப் பிள்ளை விடுபட்டுப் போகிறது. எனவே யாராவது சான்றிதழைக் காட்டினால் அதில் கைக்குழந்தைகளைப் பற்றி எத்தனை மணித்தியாலம், உண்மையான பிள்ளைகளோடு எத்தனை நாள் என்று கேளுங்கள். அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாத பெண்களுக்கு, செய்துகாட்டும் வேலையை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முன்கற்றல் அங்கீகார முறையும் என்.வி.கியூவில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை பகல்நேர நிலையங்களுக்கு வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பெயர்ப்பலகைக்கு ஓடர் கொடுக்க முன் இவரைப் போய்ச் சந்திக்க வேண்டும். நம் ஆட்கள் பலகையை மாட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

ஆனால் சான்றிதழோடு விஷயம் முடிவதில்லை. டீச்சரின் கருத்துப்படி ஒரு நாள் செமினாரில் பகல் சாப்பாடும் போட்டோவும்தான் மிஞ்சும். அவர் சொல்லும் முறை மிகவும் எளிது. கிழமைக்கு ஒருநாள், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலம். அனுபவமுள்ள ஒருவர் வந்து அதற்கு முன் அறையின் மூலையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்திருப்பார். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவார். "காலையில் அந்தப் பிள்ளை கையை நீட்டியபோது நீங்கள் போனைப் பார்த்தீர்கள்" என்பதுபோல. அடுத்த கிழமை அந்த ஒன்று மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி. குடும்பநல உத்தியோகத்தர் கொடுக்கும் பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் புத்தகத்தில் எந்த மாதத்தில் என்ன செய்யும் என்ற பக்கம் இருக்கிறது. அதைப் பராமரிப்பாளரும் வாசிக்கப் பழக வேண்டும். சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளையை நாள் முழுக்கப் பார்ப்பவள் தாய் அல்ல, இவள்தான். அதைத் தாயிடம் பயமுறுத்தாமல் சொல்வதும் ஒரு பயிற்சி.

இனி நம் கணக்கு

வீட்டுக்கு வந்து நானும் மருமகனும் கணக்குப் போட்டோம். 20 பிள்ளைகள், தலா 15,000 என்றால் மாத வருமானம் 3 இலட்சம். இரண்டு பேரை வைத்து நடத்தினால் அவன் கணக்கில் இலாபம் துள்ளியது. ஆனால் 20 பிள்ளையில் ஆறு பேர் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள். இங்கிலாந்தில் அந்த வயதில் மூன்று பிள்ளைக்கு ஒருவர் என்பது சட்டம். அப்படிப் பார்த்தால் அந்த அறைக்கு மட்டும் இரண்டு பேர். பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு பேர். நாலு பேருக்குத் தலா 38,000, சமையல் உதவிக்கு 30,000, எல்லாம் 182,000. இதற்கு ஈபிஎப் 12 வீதம், ஈடிஎப் 3 வீதம் என்று 27,300. வாடகை 40,000. சாப்பாடு, கரண்ட், சவர்க்காரம் 35,000. கூட்டினால் 284,300. மிச்சம் 15,700.

மருமகனின் முகம் விழுந்துவிட்டது. உண்மையில் கைக்குழந்தை அறை தனியாக இலாபம் தராது. பெரிய பிள்ளைகளின் வருமானம்தான் அதைத் தாங்குகிறது. எனவே சின்னப் பிள்ளைகளுக்கு 18,000 என்று வைத்தோம். மிச்சம் 33,700 ஆனது. அதில் மாதம் 5,000 பயிற்சிக்கு ஒதுக்கச் சொன்னேன்.

"படிப்பிச்சா வேற இடத்துக்குப் போயிருவாங்க மாமா."

வியாபாரிகள் எல்லோரும் சொல்லும் வார்த்தை இது. நானும் முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். போகத்தான் செய்வார்கள். ஆனால் படிப்பிக்காதவர்களும் போகிறார்கள், இன்னும் சீக்கிரமாகப் போகிறார்கள். செய்யத் தெரியாத வேலை யாருக்கும் சலித்துவிடும். துணிக்கடையில் சேல்ஸ் பிள்ளை போனால் எனக்கு இரண்டு நாள் சிரமம். இங்கே பழகிய முகம் காணாமல் போனால் பத்து மாதப் பிள்ளை வாசலிலேயே அழத் தொடங்கும். ஒரு கிழமை அழுதால் தாய் வேறு இடம் பார்ப்பாள். மூன்று தாய்மார் போனால் மாதம் 45,000 ரூபாவுக்கு மேல் போய்விட்டது. பயிற்சிக்கு ஒதுக்கிய 5,000த்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு கற்கைநெறியை முடித்தால் சம்பளத்தில் 3,000 கூட்டுவது என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் நிற்க ஒரு காரணம் இருக்கும். "ஆயா" என்று கூப்பிடுவதையும் விட்டுவிட வேண்டும். நம் ஊரில் அந்தப் பெயருக்கு மரியாதை இல்லை. மரியாதை இல்லாத வேலைக்கு ஏ.எல். படித்த பிள்ளை வருமா?

போன கிழமை புதிய பட்டியலோடு வந்தான். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பன்னிரண்டாகக் குறைத்துத் தொடங்குகிறானாம். கமரா எட்டு இரண்டாகிவிட்டது. பயிற்சிப் பொம்மை ஒன்று வாங்கவும், திறப்பதற்கு முன் பராமரிப்பாளர்களை ஆறு கிழமை சம்பளத்தோடு பழக்கவும் பணம் ஒதுக்கியிருக்கிறான். டீச்சர் கிழமைக்கு ஒருநாள் வரச் சம்மதித்துவிட்டார். முதலாவது ஆளாகச் சேர்க்க அந்தத் துணி வாங்க வந்த பெண்ணைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஏசி மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் பேச்சுவார்த்தை முடியவில்லை.